ஐந்து நிற வைகை

தமிழ்நாட்டில் புவியியலோ நிலவியலோ முதுகலை படிக்கும் மாணவரின் ஜிஐஎஸ் புராஜெக்ட் ரிப்போர்ட் எதையாவது எடுங்கள். அட்டையைத் திறப்பதற்கு முன்பே உள்ளே இருப்பதில் பாதியைச் சொல்லிவிடலாம். ஓர் ஆற்றுப்படுகை, இல்லாவிட்டால் ஒரு தாலுகா. சாட்டிலைட் படத்திலிருந்து நிலப்பயன்பாடு. உயரத் தரவிலிருந்து சரிவும் ஓடை அடர்த்தியும். நிலவியல், மண், மழை, பாறைப் பிளவுகளைக் காட்டும் லீனியமென்ட் என்று இன்னும் நான்கு படங்கள். ஏழு படங்களுக்கும் ஏழு எடைகள். எடையால் பெருக்கி ஒன்றன்மேல் ஒன்றாகக் கூட்டினால், சிவப்பில் தொடங்கிக் கரும்பச்சையில் முடியும் ஒரு படம் கடைசி அத்தியாயத்தில் வந்து நிற்கும். கீழே 'நிலத்தடி நீர் வாய்ப்பு மண்டலங்கள்' என்று தலைப்பு. சில துறைகளில் அது வெள்ள அபாயமாக இருக்கும்; நீலகிரிப் பக்கம் என்றால் நிலச்சரிவு அபாயம். ஊரும் தலைப்பும் மாறும், செய்முறை மாறாது.

லேபில் இதற்கு வெயிட்டட் ஓவர்லே என்று பெயர். எடைகளைத் தீர்மானிக்க ஏ.எச்.பி. என்ற கணக்கையும் சேர்த்துக்கொள்வார்கள். ஜிஐஎஸ் படிப்பின் இரண்டாம் கட்டத்துக்கு இன்று இதுவே மணிமகுடம். முதல் கட்டத்தில் மாணவர் சாஃப்ட்வேரைத் திறக்கவும், புள்ளி, கோடு, பரப்பு என்று பிரித்து வரையவும், தாளில் உள்ள வரைபடத்தை ஜியோரெஃபரன்ஸ் செய்யவும் பழகுகிறார். இரண்டாம் கட்டத்தில் அவர் தரவிடம் ஒரு கேள்வி கேட்க வேண்டும்; வந்த பதிலை எவ்வளவு தூரம் நம்பலாம் என்று சொல்லவும் தெரிய வேண்டும். அந்தத் தகுதியை இந்தப் பயிற்சி கொடுக்கிறதா? வைகைப் படுகையை வைத்துப் பார்த்துவிடலாம். மேற்கே வருசநாட்டு மலை, நடுவே கடினப் பாறை, கிழக்கே கடலோரப் படிவம் என எல்லாம் ஒரே ஆற்றில் கிடைக்கிறது. மதுரையைச் சுற்றிப் படிக்கும் மாணவர்களுக்குக் கைக்கெட்டிய களமும் அதுதான்.

முதலில் இந்தப் பயிற்சியின் பக்கத்து நியாயத்தைச் சொல்லிவிட வேண்டும். ஒரே புராஜெக்டில் இத்தனை வேலைகளை மாணவர் கையால் செய்ய வைக்கும் வேறு பயிற்சி எனக்குத் தெரிந்து இல்லை. டோப்போஷீட்டைச் சரியான இடத்தில் பொருத்துகிறார். நிலவியல் படத்தை டிஜிட்டைஸ் செய்கிறார். எஸ்ஆர்டிஎம் உயரத் தரவில் உள்ள போலிப் பள்ளங்களை நிரப்பி, நீர் எந்தப் பக்கம் ஓடும் என்று கணக்கிட்டு, ஓடைகளையும் படுகை எல்லையையும் எடுக்கிறார். மழைமானிகளின் அளவுகளைக் கொண்டு இடைப்பட்ட ஊர்களின் மழையைக் கணிக்கிறார். ராஸ்டர் கால்குலேட்டரில் சூத்திரம் எழுதுகிறார். செலவும் கிடையாது. லேண்ட்சாட் படங்கள் 2008 முதல் இலவசம். 2000 பிப்ரவரியில் எண்டெவர் விண்கலம் பதினொரு நாள் பறந்து அளந்த அந்த எஸ்ஆர்டிஎம் உயரத் தரவு 30 மீட்டர் நுணுக்கத்தில் யாருக்கும் கிடைக்கிறது. கியூஜிஐஎஸ்ஸுக்கும் காசு இல்லை. லைசென்ஸ் டாங்கிள் ஒன்றுக்காக வகுப்பே காத்துக் கிடந்த காலத்தைப் பார்த்தவர்களுக்கு இதன் அருமை தெரியும்.

வழியில் மாணவர் தடுக்கி விழும் இடங்களும் பயனுள்ளவை. கிழக்குத் தீர்க்கரேகை 78 பாகை வைகைப் படுகையின் குறுக்கே போகிறது. யுடிஎம் முறையில் அந்தக் கோட்டுக்கு மேற்கே 43-ஆம் மண்டலம், கிழக்கே 44. தேனி ஒன்றில், மதுரை மற்றொன்றில். எதைத் தேர்ந்தெடுப்பது என்று மாணவர் திகைப்பார். முழுப் படுகையையும் 44-இலேயே வைத்துக்கொண்டால் மேற்கு ஓரத்தில் கிலோமீட்டருக்கு இரண்டு மீட்டருக்குள்தான் பிழை வரும். இந்த வேலைக்கு அது ஒரு பொருட்டே இல்லை. அதே மாணவர் உயரத் தரவை மீட்டர் கணக்குக்கு மாற்றாமல், அட்சம் தீர்க்கம் உள்ள பாகையிலேயே வைத்துச் சரிவைக் கணக்கிட்டால் கதை வேறு. அடுத்தடுத்த இரண்டு பிக்சல்களுக்கு இடையே ஒரு மீட்டர் உயர வித்தியாசம் என்றால் உண்மையான சரிவு இரண்டு பாகைகூட இல்லை. கிடைத்தூரத்தை 0.000278 என்று பாகையில் எடுத்துக்கொள்ளும் கருவியோ 89.98 பாகை என்று சொல்லும். ராமநாதபுரத்து வயல்வெளி செங்குத்துப் பாறையாகிவிடும். இந்த இரண்டில் எதைக் கண்டு பதற வேண்டும், எதை விட்டுவிடலாம் என்று தெரிந்தவர் இரண்டாம் கட்டத்துக்கு வந்துவிட்டார். அந்த வாய்ப்பைத் தருவதற்காக இந்தப் பயிற்சிக்கு வரவு வைத்தே ஆக வேண்டும்.

எடை போட்டு அடுக்கும் யோசனைக்கும் கௌரவமான பூர்வீகம் உண்டு. ஸ்காட்லாந்தில் பிறந்து அமெரிக்காவில் பணியாற்றிய நில வடிவமைப்பாளர் இயன் மெக்ஹார்க், 1969-இல் வெளிவந்த தம் நூலில், நியூயார்க்கின் ஸ்டேட்டன் தீவில் ஒரு சாலையை எந்த வழியாகக் கொண்டுபோகலாம் என்பதை ஒளி ஊடுருவும் தாள்களை அடுக்கிக் காட்டினார். காடு, சரிவு, குடியிருப்பு, வரலாற்றுச் சின்னம் என ஒவ்வொன்றுக்கும் ஒரு தாள். எல்லாவற்றையும் சேர்த்துப் பார்க்கும்போது எங்கே கருமை அதிகமோ அங்கே சாலை போகக் கூடாது. டானா டாம்லின் 1980-களில் இதைக் கணினிக்கு ஏற்ற வரைபட இயற்கணிதமாக ஒழுங்குபடுத்தினார். தாமஸ் சாட்டி 1970-களில் உருவாக்கிய ஏ.எச்.பி. வரைபடத்துக்காகப் பிறந்ததே அல்ல. பல நோக்கங்கள் ஒன்றோடொன்று மோதும்போது, எதற்கு எவ்வளவு முன்னுரிமை என்று முடிவெடுப்பவரின் மனதை எண்ணாக்கித் தருவது அது. மெக்ஹார்க்கும் சரி, சாட்டியும் சரி, 'நமக்கு எது முக்கியம்' என்றுதான் கேட்டார்கள். 'பூமிக்குள் என்ன இருக்கிறது' என்று கேட்கவில்லை. நம் புராஜெக்ட் கேட்பதோ இரண்டாவதை.

இனி எடைகளுக்கு வருவோம். ஏழு அடுக்கு என்றால் இரண்டிரண்டாக ஒப்பிட 21 ஜோடிகள். ஒவ்வொரு ஜோடியிலும் எது எத்தனை மடங்கு முக்கியம் என்று 1 முதல் 9 வரை மதிப்புப் போட்டு ஓர் அணியாக எழுத வேண்டும். முடிவில் சி.ஆர். என்ற ஒரு விகிதம் வரும், அது 0.10-க்குக் கீழே இருந்தால் எடைகள் ஏற்கத்தக்கவை என்று ரிப்போர்ட்டில் ஒரு வரி எழுதுவார்கள். அந்த விகிதம் அளப்பது ஒன்றே ஒன்றைத்தான்: மாணவர் தமக்குத் தாமே முரண்படவில்லை என்பதை. ஒரு சோதனை செய்து பார்க்கலாம். அணியில் உள்ள எல்லாத் தீர்ப்பையும் தலைகீழாகப் புரட்டிப் போடுங்கள். நிலவியல் மழையைவிட ஐந்து மடங்கு முக்கியம் என்று இருந்த இடத்தில் மழை நிலவியலைவிட ஐந்து மடங்கு முக்கியம் என்று வையுங்கள், இப்படியே 21-ஐயும். முதலிடத்தில் இருந்த அடுக்கு கடைசிக்குப் போகும், கடைசி முதலுக்கு வரும். சி.ஆர். இம்மியும் நகராது. கணக்கு தெரிந்தவர்களுக்கு இதில் வியப்பில்லை. அணியைத் திருப்பிப் போட்டால் அதன் ஐகன் மதிப்பு மாறாது. சரியான தீர்ப்பையும் அதற்கு நேர் எதிரான தீர்ப்பையும் ஒரே மதிப்பெண் போட்டுப் பாஸ் செய்யும் சோதனையை வைத்துக்கொண்டு நாம் எடைகளை 'சரிபார்த்துவிட்டோம்' என்று எழுதுகிறோம்.

வைவாவில் 'லீனியமென்டுக்கு ஏன் 18 சதவீதம்?' என்று கேட்டுப் பாருங்கள். 'எக்ஸ்பர்ட் ஒப்பீனியன், சார்' என்று பதில் வரும். எந்த எக்ஸ்பர்ட் என்று மேலும் கேட்டால் மாணவர் கைடைப் பார்ப்பார், கைடு காபி டம்ளரைப் பார்ப்பார். வேறு ஏதோ ஒரு மாநிலத்தில், வேறு பாறையில் செய்த ஆய்வுக்கட்டுரையின் அட்டவணையிலிருந்து அந்த 18 வந்திருக்கும். அந்தக் கட்டுரைக்கும் அது இன்னொரு கட்டுரையிலிருந்து வந்திருக்கும்.

இதில் ஒரு வேடிக்கையும் உண்டு. இவ்வளவு பாடுபட்டுக் கண்டுபிடித்த எடைகளால் பெரிய லாபம் ஏதும் இருக்காது. பல கூறுகளைக் கூட்டி ஒன்றை முன்கணிக்கும்போது, நுணுக்கமாகத் தேர்ந்தெடுத்த எடைகளைவிட எல்லாவற்றுக்கும் சம எடை கொடுப்பது பெரும்பாலும் மோசமாக இருப்பதில்லை என்று உளவியலாளர் ராபின் டாஸ் 1979-இலேயே காட்டினார். வைகைப் படுகைக்கு ஏ.எச்.பி. எடையில் ஒரு படம், சம எடையில் ஒரு படம் என்று போட்டு இரண்டையும் கழித்துப் பார்க்கும்படி மாணவரிடம் சொல்லலாம். வித்தியாசம் கொஞ்சம்தான் என்றால் இரண்டு அத்தியாயம் வீண். வித்தியாசம் பெரிது என்றால், முடிவு முழுக்க அந்த 18-ஐ நம்பித்தான் தொங்குகிறது. இரண்டில் எதுவானாலும் தெரிந்துகொள்ள வேண்டியதுதான். ரிப்போர்ட்டுகளில் இந்தக் கழித்தல் மட்டும் கண்ணில் படுவதே இல்லை.

அடுக்குகள் ஏழு என்பதும் பெயரளவில்தான். சரிவு எஸ்ஆர்டிஎம்மிலிருந்து வருகிறது. ஓடை அடர்த்தியும் அதிலிருந்தே. லீனியமென்டைப் பெரும்பாலும் அதே தரவின் ஹில்ஷேட் படத்தைப் பார்த்துத்தான் வரைகிறார்கள். சிலர் வளைவு, ஈரக் குறியீடு என்று இன்னும் இரண்டைச் சேர்த்து ஒன்பதாக்குவார்கள், அவையும் அங்கிருந்தே. ஒரே சாட்சி ஐந்து பெயரில் வந்து கையெழுத்துப் போட்டுவிட்டுப் போகிறார். லீனியமென்டில் இன்னொரு சிக்கல். ஹில்ஷேட்டுக்குச் சாஃப்ட்வேர் வழக்கமாக வடமேற்கிலிருந்து வெளிச்சம் அடிக்கும். வெளிச்சம் வரும் திசைக்கு இணையாக ஓடும் கோடுகள் நிழல் இல்லாமல் மறைந்துவிடும். குறுக்கே ஓடுபவை எடுப்பாகத் தெரியும். திசையை மாற்றாமல் ஒரே படத்தில் வரைந்தவரின் பாறைப் பிளவுகள் பாறையைப் பொறுத்தவை அல்ல, விளக்கைப் பொறுத்தவை. சாட்டிலைட் படத்தில் வரைந்தாலோ சாலை, வாய்க்கால், கண்மாய்க் கரை எல்லாம் பிளவாகிவிடும் ஆபத்து.

நுணுக்கத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. 1:2,50,000 நிலவியல் படத்தில் அரை மில்லிமீட்டர் கனமுள்ள கோடு தரையில் 125 மீட்டர் அகலம். அதை 30 மீட்டர் பிக்சலாக மாற்றினால் கோடே நான்கு பிக்சலை விழுங்கும். மழையோ, பல கிலோமீட்டருக்கு ஒன்றாக நிற்கும் மழைமானிகளிலிருந்து ஊகித்தது. எல்லாவற்றையும் 30 மீட்டருக்கு ரீசாம்பிள் செய்து கூட்டியதும், ஒரு வயலுக்கும் பக்கத்து வயலுக்கும் வித்தியாசம் சொல்லும் படம்போல அது தோற்றம் தருகிறது. மண்ணுக்கு 3, சரிவுக்கு 4 என்று கொடுக்கும் எண்கள் வெறும் வரிசையெண்கள். அவற்றைப் பெருக்குவதும் கூட்டுவதும் செல்லாது என்று நகரத் திட்டமிடல் அறிஞர் லூயிஸ் ஹாப்கின்ஸ் 1977-இல் எழுதிவிட்டார். இது அரை நூற்றாண்டாகத் தெரிந்த குறை என்பதால் நீட்ட வேண்டியதில்லை.

நிறங்களுக்கு வருவோம். கூட்டி வந்த மதிப்பை மிகக் குறைவு, குறைவு, மிதம், அதிகம், மிக அதிகம் என்று ஐந்தாகப் பிரிக்க வேண்டும். குவான்டைல் முறையைத் தேர்ந்தெடுத்தால் ஒவ்வொரு வகுப்புக்கும் நிலத்தில் சுமார் 20 சதவீதம் வரும். வர வைத்தது நாம்தான். அந்த முறையின் வேலையே அது. பிறகு சுருக்கத்தில் 'படுகையின் 20 சதவீதப் பரப்பு மிக உயர்ந்த நிலத்தடி நீர் வாய்ப்புள்ளது' என்று கண்டுபிடிப்பாக எழுதுகிறோம். நிலவின் உயரத் தரவைக் கொடுத்தாலும் ஐந்தில் ஒரு பங்கு நிலம் கரும்பச்சையாகவே வரும். ஜென்க்ஸின் நேச்சுரல் பிரேக்ஸ் முறையில் பங்கு மட்டும் மாறும்; ஐந்து வகுப்பு கேட்டால் ஐந்து வகுப்பு கிடைத்தே தீரும். தண்ணீரே இல்லாத ஊருக்கும் அதில் சிறந்த இடம் என்று ஒன்று இருக்கும். ஒப்பீட்டில் சிறந்தது என்பதற்கும் தண்ணீர் உண்டு என்பதற்கும் உள்ள தூரத்தை இந்தப் படத்தின் குறிவிளக்கம் சொல்வதில்லை.

இதுவரை சொன்னவை கணக்கின் குறைகள். கவனமான ஆசிரியர் இருந்தால் திருத்திவிடலாம். வைகையே எழுப்பும் ஆட்சேபம் அப்படித் திருத்தக்கூடியது அல்ல. 1895 முதல் பெரியாற்றுத் தண்ணீர் மலையைக் குடைந்து இந்தப் படுகைக்குள் வருகிறது. வைகை அணையில் தேங்கி, பேரணையிலிருந்து வாய்க்கால் வழியாகப் பிரிந்து மேலூர் வரை பாய்கிறது. அந்தப் பாசனப் பரப்பில் கிணறு ஊறுவது உள்ளூர் மழையை மட்டும் நம்பி அல்ல. வாய்க்காலில் தண்ணீர் விட்டால் கிணற்றில் மட்டம் ஏறும் என்று எந்த விவசாயியும் சொல்வார். ஏழு அடுக்கில் வாய்க்காலுக்கு இடமில்லை. ஆய்வுக்கட்டுரையில் இல்லை, அதனால் புராஜெக்டிலும் இல்லை.

கண்மாயைப் பாருங்கள். மதுரையிலிருந்து ராமநாதபுரம் வரை கண்மாய்கள் ஒன்றின் கழுங்கிலிருந்து அடுத்ததற்கு நீர் போகும்படி சங்கிலியாகக் கிடக்கின்றன. நிலப்பயன்பாட்டு அடுக்கில் நீர்நிலைக்கு அதிகபட்ச மதிப்பெண் கொடுப்பதால் கண்மாயின் நடுப்பகுதி கரும்பச்சையாக வரும். கண்மாய்க்குள் யாரும் போர் போடப் போவதில்லை. போர் போடும் இடம் கரைக்குக் கீழே உள்ள ஆயக்கட்டு. கசிவு போய்ச் சேருவதும் அங்கேதான். அந்தப் பிக்சலுக்குத் தனக்கு மேலே ஒரு கண்மாய் இருப்பதே தெரியாது. டாம்லினின் பாகுபாட்டில் இந்த மேலடுக்குக் கூட்டல் லோக்கல் வகை: ஒவ்வொரு பிக்சலும் தன் தலைக்கு மேல் உள்ள ஏழு எண்களை மட்டும் பார்க்கும், அக்கம்பக்கத்தைப் பார்க்காது. தண்ணீரோ அக்கம்பக்கத்திலிருந்துதான் வருகிறது. பக்கத்து மதிப்பைக் கணக்கில் எடுக்கும் ஃபோகல், ஸோனல் வகைகளை இரண்டாம் கட்டத்தில் சொல்லித் தருவதற்கு இதைவிட நல்ல சந்தர்ப்பம் கிடையாது. புராஜெக்டின் சூத்திரமே அதற்கு வழிவிடாமல் நிற்கிறது.

கிழக்கே போனால் விஷயம் இன்னும் கூர்மை. ராமநாதபுரம் சமதளம், அடியில் படிவுப் பாறை. சரிவுக்கும் நிலவியலுக்கும் முழு மதிப்பெண். படத்தில் கரும்பச்சைக்குக் குறைவிருக்காது. அந்த மாவட்டத்தின் பெரும்பகுதியில் நிலத்தடி நீர் உவர்ப்பு; குடிக்கக் காவிரித் தண்ணீரைக் குழாயில் கொண்டுவருகிறார்கள். தண்ணீர் இருக்கிறதா என்று மட்டும் கேட்டு, வாயில் வைக்க முடியுமா என்று கேட்காத படத்தை அந்த ஊர்க்காரர் ஒருவரிடம் காட்டினால் என்ன சொல்வார் என்று எழுத வேண்டியதில்லை.

இவ்வளவுக்கும் பிறகு, படம் சரியா என்று கிணற்றிடம் கேட்டிருந்தால் பல குறைகள் தாமே வெளிப்பட்டிருக்கும். பல ரிப்போர்ட்டுகளில் அந்த அத்தியாயமே இல்லை. இருப்பவற்றில், மத்திய நிலத்தடி நீர் வாரியத்தின் கண்காணிப்புக் கிணறுகள் சிலவற்றின் நீர்மட்டத்தை எடுத்து, மட்டம் உயரமாக உள்ள இடமும் பச்சையும் ஒத்துப்போகின்றன என்று முடிப்பார்கள். வாரியம் ஆண்டுக்கு நான்கு முறை அளக்கிறது. மே மாத அளவும் ஜனவரி அளவும் ஒன்றல்ல. தவிர, மட்டம் வேறு, ஊற்று வேறு. இறைப்பதற்கு ஆளில்லாத இடத்தில் மட்டம் உயரமாகவே நிற்கும். நம் ஊர்களில் தேங்காயை உள்ளங்கையில் வைத்து நீரோட்டம் பார்ப்பவர் ஒருவர் இருப்பார். அவருடைய முறையை அறிவியல் என்று யாரும் சொல்லப் போவதில்லை. ஆனால் அவர் காட்டிய இடத்தில் மறுநாளே போர் வண்டி வந்து நிற்கிறது. புகை மட்டும் வந்தால் ஊரில் அவர் பெயர் கெடும். அந்த அளவுக்குக்கூட நம் ஐந்து நிறப் படம் யாருக்கும் பதில் சொல்லக் கட்டுப்பட்டதில்லை.

இந்தப் புராஜெக்ட் அடைத்துக்கொள்ளும் இடத்துக்கும் ஒரு விலை உண்டு. செமஸ்டர் முழுவதும் ராஸ்டரிலேயே போய்விடுவதால் ஜிஐஎஸ்ஸின் மறுபாதி கைக்கு வராமலே போகிறது. 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்போது தமிழ்நாட்டில் 32 மாவட்டங்கள், இப்போது 38. பழைய எண்களைப் புதிய எல்லைகளில் பொருத்துவது எப்படி? ஒரு அட்டவணையில் 'தூத்துக்குடி', இன்னொன்றில் 'டூட்டிகொரின்' என்று இருந்தால் ஜாயின் அந்த வரிசையைச் சத்தமில்லாமல் காலியாக விட்டுவிடும். ஷேப்ஃபைலில் புலத்தின் பெயர் பத்து எழுத்துக்கு மேல் போகாது; தமிழில் ஏற்றிய ஊர்ப்பெயர்கள் என்கோடிங் தவறினால் கேள்விக்குறிகளாகத் திரும்பி வரும். எல்லைகளை மாற்றி மாற்றிச் சேர்த்தால் ஒரே தரவிலிருந்து கிட்டத்தட்ட எந்தத் தொடர்புக் கெழுவையும் வரவழைக்கலாம் என்று ஓப்பன்ஷாவும் டெய்லரும் 1979-இல் அயோவா மாகாணத்து வாக்குகளை வைத்துக் காட்டினார்கள். வேலைக்குப் போகிற மாணவர் முதல் வாரத்தில் முட்டிக்கொள்வது இவற்றில்தான். ஏ.எச்.பி. அணியை யாரும் கேட்கப் போவதில்லை.

மறுதரப்பு சும்மா இருக்காது. அவர்கள் சொல்வதில் சாரமும் உண்டு. கிணற்றுத் தரவு எளிதில் கிடைப்பதில்லை என்பார்கள். உண்மை. ஐந்து யூனிட் சிலபஸ், வாரத்துக்குச் சில மணி நேர லேப், அதிலும் கரன்ட் போகும் நேரம் கழித்து என்ன மிஞ்சும் என்பார்கள். அதுவும் உண்மை. முடிவெடுக்க உதவும் படம்தானே, முன்கணிப்பு என்று நாங்கள் சொல்லவே இல்லையே என்பது மூன்றாவது வாதம். இதை மட்டும் ஏற்க முடியாது. தலைப்பில் 'வாய்ப்பு மண்டலம்' என்று போட்டு, பரிந்துரையில் 'இந்த இடங்களில் கிணறு தோண்டலாம்' என்று எழுதிவிட்டு, கேள்வி வந்தால் அது வெறும் உதவிப் படம் என்று நழுவுவது சரியில்லை. தரவு கிடைக்காதபோது செய்யக்கூடியது இருக்கிறது: எங்கே தெரியவில்லையோ அங்கே நிறம் போடாமல் விடலாம். வெற்றிடம் விட்ட புராஜெக்ட் ஒன்றை இதுவரை நான் பார்த்ததில்லை.

ஆகவே என் தீர்ப்பு இரண்டாகப் பிரிகிறது. வெயிட்டட் ஓவர்லே குற்றவாளி அல்ல. அதைத் தவறான கேள்விக்கு முன்னால் நிறுத்தியிருக்கிறோம். எடை என்பது மனிதரின் முன்னுரிமையாக இருக்கும் இடத்தில் அது நேர்மையான கருவி. குப்பைக் கிடங்குக்கு இடம் தேடும் வேலையை எடுத்துக்கொள்ளுங்கள். 2016-ஆம் ஆண்டின் திடக்கழிவு மேலாண்மை விதிகள் ஆற்றிலிருந்து 100 மீட்டர், குளத்திலிருந்து 200 மீட்டர், நெடுஞ்சாலை, குடியிருப்பு, குடிநீர்க் கிணறு ஆகியவற்றிலிருந்து 200 மீட்டர், விமான நிலையத்திலிருந்து 20 கிலோமீட்டர் என்று வரம்பு வகுத்தன. முதலில் பஃபர் போட்டுக் கழிக்க வேண்டியதைக் கழிக்கலாம். மிஞ்சிய நிலத்தில் லாரி ஓடும் தூரத்துக்கு எவ்வளவு எடை, விளைநிலத்தைக் காப்பாற்றுவதற்கு எவ்வளவு என்பது நகராட்சியும் விவசாயியும் பக்கத்துத் தெருக்காரரும் சண்டை போட்டுத் தீர்க்க வேண்டிய விஷயம். அங்கே ஏ.எச்.பி. பொருந்தும். மூன்று தரப்பின் எடைகளில் மூன்று படம் போட்டு, மூன்றிலும் தேறும் இடம் எது என்று மாணவர் பார்க்கலாம். பள்ளிக்கரணை சதுப்பு நிலத்துக்குள்ளேயே பெருங்குடிக் குப்பைமேடு வளர்ந்த கதை தெரிந்த ஊரில் இந்தப் பயிற்சிக்குக் களம் தேட வேண்டியதில்லை.

நிலத்தடி நீருக்கு அது பொருந்தாது. சார்னோக்கைட் பாறையில் பிளவு எங்கே என்பதை நம் 21 தீர்ப்பும் மாற்றப் போவதில்லை. வெள்ளமும் அப்படித்தான், சென்டினல்-1 ரேடார் மேகத்தைத் தாண்டித் தேங்கிய நீரைப் படம் பிடித்துத் தரும் காலத்தில், எங்கே வெள்ளம் வரும் என்பதைக் கைடின் அபிப்பிராயத்திடம் கேட்பது வீண்வேலை. இயற்கையிடமிருந்து பதில் பெறக்கூடிய கேள்விகளுக்கு எடையைத் தரவிலிருந்து எடுக்க வேண்டும். பெரிய இயந்திரக் கற்றல் எதுவும் தேவையில்லை. ஊற்று அளவு தெரிந்த கிணறுகள் சில டஜன் கிடைத்தால் பாறை வகைவாரியாக இடைநிலை மதிப்பைப் போட்டு ஒரு அட்டவணை செய்யலாம். மேற்குப் பகுதிக் கிணறுகளில் கற்றதைக் கிழக்கில் சோதிக்கலாம். நிலவியல் படம் ஒன்றை மட்டும் வைத்துக்கொண்டு கணித்தால் எவ்வளவு தேறும், ஏழு அடுக்கும் சேர்ந்து அதற்கு மேல் எவ்வளவு தேற்றுகின்றன என்று ஒப்பிடலாம். அந்த ஒப்பீட்டில் தோற்றுப்போன புராஜெக்டுக்கும் முழு மதிப்பெண் போட நான் தயார்.

இரண்டாம் கட்டப் படிப்பின் உச்சிப் பணி என்ற இடத்திலிருந்து 'ஏ.எச்.பி. முறையில் நிலத்தடி நீர் வாய்ப்பு' இறங்க வேண்டும். இரண்டு வார லேப் பயிற்சியாக, கருவிகளைப் பழக, அது இருக்கட்டும். அந்த வேலைக்கு அதைவிட நல்லது இல்லை என்று மேலேயே சொல்லியாகிவிட்டது. மாற்றத்துக்குப் பல ஆண்டு ஆகும் என்று தெரியும். அதுவரை அதே தலைப்பில் வரும் ரிப்போர்ட்டில் நான்கு பக்கம் கூடுதலாகக் கேட்டால் போதும்: அணியைப் புரட்டிப் போட்ட படம், சம எடைப் படம், எஸ்ஆர்டிஎம் வழி வந்த அடுக்குகளை ஒவ்வொன்றாக எடுத்துவிட்டால் என்ன மாறுகிறது என்ற அட்டவணை, படிப்பவரே நேரில் போய் விசாரித்த பத்துக் கிணறுகளின் ஆழமும் ஊற்றும். முதல் மூன்றுக்கு ஒரு பிற்பகல் லேப் போதும். நான்காவதற்கு ஒரு பஸ் டிக்கெட்டும், டீக்கடையில் உட்கார்ந்து பேசப் பொறுமையும் வேண்டும். சிலபஸ் கமிட்டியிடம் போகாமலே அடுத்த செமஸ்டரில் எந்த கைடும் இதைத் தொடங்கலாம்.